காற்றும் கிணறும்: செய்யாற்றுப் படுகையில் இறைப்பு இயந்திரத்தின் வரலாறு

ஜவ்வாது மலையில் பிறந்து, செங்கத்தைத் தொட்டு வடகிழக்காக ஓடி, திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கும் செய்யாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் ஆறாகும். அதன் கரையில் திருவோத்தூர் வேதபுரீசுவரர் கோயிலை ஒட்டி வளர்ந்த செய்யாறு நகரத்தையும், அதில் வந்து கலக்கும் கமண்டல நாகநதியின் கரையில் பட்டு நெசவுக்கும் அரிசிக்கும் பெயர்பெற்ற ஆரணியையும் சுற்றியுள்ள சிற்றூர்களில், வேளாண்மையின் வரலாறு என்பது பெரிதும் நிலத்தடி நீரை மேலே கொண்டுவந்த முறைகளின் வரலாறே. மாட்டைக் கொண்டு இறைத்த நீண்ட காலத்துக்கும், ஆழ்துளைக்குள் மோட்டாரையே மூழ்கவிடும் இன்றைய காலத்துக்கும் இடையே, ஏறத்தாழ அரை நூற்றாண்டு, கிணற்று மேட்டிலோ கிணற்றின் உட்சுவரிலோ அமர்ந்து கீழிருந்து நீரை உறிஞ்சிய பம்ப்செட்டின் காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் உழவரும் மெக்கானிக்கும் அன்றாடம் போராடிய எதிரி, கண்ணுக்குத் தெரியாமல் குழாய்க்குள் புகுந்துவிடும் காற்று. அக்காற்று எங்கே, எப்படி, ஏன் நுழைந்தது என்பதை ஆராய்ந்தால், ஓர் இயந்திரத்தின் வரலாற்றோடு அவ்வட்டாரத்தின் நீர்மட்டம் இறங்கிய வரலாறும் சேர்ந்தே வெளிப்படுகிறது.

ஏரி, ஊற்றுக்கால், கவலை

பல்லவர் காலம் முதலே இப்பகுதியின் முதன்மையான நீராதாரம் ஏரிதான். பழைய செய்யாறு வட்டத்தின் வடகிழக்கில், மாமண்டூர்க் குடைவரையை அடுத்துக் கிடக்கும் தூசி மாமண்டூர் ஏரி, சித்திரமேகத் தடாகம் என்ற பெயரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில் அமைக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது. ஏரிக்கு அடுத்த நிலையில் இருந்தவை ஊற்றுக்கால்கள்: ஆற்று மணலுக்கடியில் ஊறும் நீரை, மணலை அகழ்ந்து வெட்டிய நீண்ட வாய்க்காலின் வழியே, நிலத்தின் இயல்பான சரிவைக் கொண்டே வயலுக்கோ ஏரிக்கோ கொண்டு சேர்ப்பவை. பாலாற்றிலும் செய்யாற்றிலும் இவை ஆண்டுதோறும் ஊரார் கூடித் தூர்வாரிக் காத்த பொதுச் சொத்துகளாக இருந்தன. இவ்விரண்டிலும் நீரைத் தூக்கும் வேலை எதுவும் இல்லை. ஏரி வற்றிய பின்னும் ஊற்றுக்கால் எட்டாத மேட்டு நிலத்திலும்தான் கிணறு தேவைப்பட்டது.

கிணற்று நீரை இறைக்க இரு முறைகள் வழங்கின. ஆழம் குறைந்த இடத்தில் ஏற்றம்: நிறுத்திய கால்களின் மேல் கிடத்திய துலாமரத்தில் ஒருவரோ இருவரோ முன்னும் பின்னும் நடக்க, கீழே நிற்பவர் நீர் மொள்ளும் கலமான சாலைப் பிடித்து நீரைக் கவிழ்ப்பார், எத்தனை சால் இறைத்தாயிற்று என்ற கணக்கை ஏற்றப்பாட்டே தன் அடிகளில் சுமந்து சென்றது. ஆழம் கூடிய இடத்தில் கவலை: இரண்டு மாடுகள் சரிவான பாதையில் இறங்கும்போது வடக்கயிறு உருளையின் மேல் ஓடிச் சாலைத் தூக்கும்; சாலின் அடியில் தைத்த தும்பி என்னும் தோல்குழாயை வால்கயிறு மடக்கிப் பிடித்திருக்கும்; சால் விளிம்பை எட்டியதும் தும்பி நிமிர்ந்து நீரைத் தொட்டியில் கொட்டும். இவற்றில் பழுது எதுவாயினும் கண்ணுக்கு நேரே தெரிந்தது. ஓட்டை விழுந்த சால் ஒழுகியது, நைந்த வடம் அறுந்தது, தைத்தாலோ முறுக்கினாலோ சரியாயிற்று. கிணறு எவ்வளவு ஆழமானாலும் கயிற்றை நீட்டிக்கொண்டே போகலாம். மாட்டின் உழைப்பும் நேரமும்தான் எல்லை வகுத்தன.

ஆயில் என்ஜின் வருகை

19ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில், சென்னைப் பொறியியல் கல்லூரியின் பேராசிரியராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன், ஏற்றமும் கவலையும் ஒரு நாளில் எவ்வளவு நீரை எவ்வளவு உயரம் தூக்குகின்றன என்பதை அளந்து ஆராய்ந்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எண்ணெயில் ஓடும் என்ஜினோடு மையவிலக்கு பம்பை இணைத்துப் பாசனக் கிணறுகளில் நிறுவும் முயற்சியைச் சென்னை மாகாணத்தில் முன்னின்று நடத்தியவரும் அவரே. மையவிலக்கு பம்பு என்பது, நத்தை ஓட்டைப் போன்ற இரும்புக் கூட்டுக்குள் இம்பெல்லர் என்னும் விசிறிச் சக்கரம் வேகமாகச் சுழன்று, நடுவில் புகும் நீரை விளிம்பை நோக்கி வீசி, அந்த வேகத்தையே அழுத்தமாக்கி மேலே தள்ளும் கருவியாகும். 1851ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சியில் ஜான் அப்போல்டு காட்டிய வளைந்த தகடுகள் கொண்ட பம்பு இவ்வகையின் ஆற்றலை உலகுக்கு உணர்த்தியிருந்தது. இந்தியாவிலேயே மையவிலக்கு பம்பைச் செய்வது 1926இல் கிர்லோஸ்கர்வாடியில் தொடங்கியது. அதே ஆண்டில் தோன்றிய பி.எஸ்.ஜி. அறநிலையத்தின் தொழிற்கூடமும் அதைச் சூழ்ந்த வார்ப்படப் பட்டறைகளும் கோயம்புத்தூரைப் பின்னாளில் நாட்டின் பம்பு நகரமாக்கின.

1937இல் மேட்டூர் நீர்மின் திட்டம் தொடங்கியதும், அதன் கம்பிகள் இப்பகுதி அன்று அடங்கியிருந்த வடாற்காடு மாவட்டம் வரை நீண்டன. எனினும் சிற்றூர்க் கிணறுகளுக்கு மின்சாரம் பரவலாக எட்டியது, 1957இல் மின்வாரியம் அமைந்து காமராசர் ஆட்சியில் ஊர்தோறும் மின்கம்பம் நடப்பட்ட பிறகே. அதுவரை ஆயில் என்ஜினே முன்னோடியாக இருந்து, அகலமான பட்டை வாரினால் பம்பைச் சுழற்றிக்கொண்டு மல்லாட்டை எனப்படும் நிலக்கடலை வயல்களின் நடுவே ஒலித்தது. நிலவள வங்கிகளின் கடனும், 1960களின் நடுவில் வந்த ஆடுதுறை 27, ஐ.ஆர். 8 ஆகிய, பழைய சம்பா வகைகளைவிட விரைவில் விளையும் நெல் வகைகளும் சேர்ந்தபோது, சம்பா பருவம் ஒன்றையே நம்பியிருந்த நிலத்தில் நவரை, சொர்ணவாரிப் பருவங்களும் நிலைபெற்றன. அதற்குரிய நீரைக் கவலையால் இறைத்து முடிக்க இயலாது என்பதால் பம்ப்செட் இன்றியமையாததாயிற்று.

உறிஞ்சுதலின் எல்லை

பம்ப்செட் மேட்டில் இருக்கிறது, நீர் கீழே இருக்கிறது. பம்பு நீரை எட்டிப் பிடித்து இழுப்பதில்லை. இம்பெல்லர் சுழன்று தன்னிடமுள்ள நீரை வெளியே வீசியதும் அதன் நடுவில் அழுத்தம் குறைகிறது. கிணற்று நீரின் பரப்பை மேலிருந்து அழுத்தும் வெளிக்காற்று, அழுத்தம் குறைந்த அந்த இடத்தை நோக்கி நீரைக் குழாய்க்குள் ஏற்றுகிறது. இளநீரில் உறிஞ்சும் குழலின் நடுவே ஒரு கீறல் விழுந்துவிட்டால், எவ்வளவு இழுத்தாலும் வாய்க்குள் காற்றுதான் வரும். பம்பின் உறிஞ்சு குழாயிலும் நடப்பது அதுவே.

காற்றின் எடையால் ஏறும் நீர் காற்றின் எடை தாங்கும் உயரம் வரைதான் ஏறும். 1638இல் வெளிவந்த நூலில் கலிலியோ, உறிஞ்சு பம்பு 18 முழத்துக்கு மேல் நீரை ஏற்ற மறுப்பதைக் குறிப்பிட்டார். அவருடைய மாணவர் டாரிசெல்லி 1643ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாதரசக் குழாயைக் கொண்டு, அந்த எல்லையை விதிப்பது காற்றழுத்தமே என்று காட்டினார். கணக்கின்படி அவ்வுயரம் சுமார் 10.3 மீட்டர். குழாயின் உராய்வு, வளைவுகள், நீரின் வெப்பம் ஆகியவற்றைக் கழித்தால் நடைமுறையில் கிடைப்பது 6 அல்லது 7 மீட்டர், அதாவது இருபது அடிக்குச் சற்று மேல். கூடுதல் குதிரைத்திறன் கொண்ட மோட்டாரை வாங்கினாலும் இந்த எல்லை நகராது என்பதைச் செய்யாற்று உழவர் கிணற்று மேட்டில் நின்று பட்டறிந்தனர்.

காற்று நுழையும் வழிகள்

நீர் கசியும் குழாயைக் கண்டுபிடிப்பது எளிது, ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். உறிஞ்சு குழாயின் கசிவு அப்படிப்பட்டதன்று. பம்பு ஓடும்போது அக்குழாயின் உள்ளே அழுத்தம் வெளியைவிடக் குறைவு என்பதால், ஓட்டை வழியே நீர் வெளியே வராமல் காற்றுதான் உள்ளே போகும்; குழாய் வெளியில் முற்றும் உலர்ந்திருக்க, பழுது உள்ளேயே நடந்துகொண்டிருக்கும். ஆகவே அதன் அறிகுறிகளைத் தொட்டியில் விழும் நீரிலும் பம்பின் ஓசையிலும் படிக்கவேண்டியிருந்தது. கண்ணாடிபோல் திரண்டு விழவேண்டிய நீர் பால்போல் வெளுத்துக் குமிழியோடு வந்தால் சிறு கசிவு. விட்டுவிட்டுக் கக்கினால் பெரிய கசிவு. ஓடத் தொடங்கிச் சற்று நேரத்தில் நீர் மெலிந்து நின்றுபோய், பாரம் குறைந்த மோட்டார் இலேசான ஒலியோடு வீணே சுழன்றால், இம்பெல்லரைச் சுற்றிக் காற்று கட்டிக்கொண்டது என்று பொருள். இதைத்தான் ஊரில் "ஏர் பிடிச்சிருக்கு", "ஏர் இழுக்குது" என்றனர்.

முதல் ஐயம் எப்போதும் ஃபுட் வால்வின் மீது விழுந்தது. உறிஞ்சு குழாயின் அடிநுனியில் நீருக்குள் கிடக்கும் இந்த வால்வில் நீரை மேலே விட்டுக் கீழே இறங்கவிடாத தோல் மடிப்பு ஒன்று உண்டு. பம்பு நின்றபின்னும் குழாயில் நீரை நிறுத்திவைப்பது அதன் வேலை. மையவிலக்கு பம்பால் வெறும் காற்றை வீசி உறிஞ்ச முடியாது என்பதால், ஓட்டுவதற்கு முன் குழாயும் கூடும் நீரால் நிறைந்திருக்கவேண்டும். நிறையாவிட்டால் மேலிருக்கும் வாய் வழியே குடம் குடமாக நீர் ஊற்றி நிரப்பவேண்டும். பிரைமிங் எனப்படுவது இதுவே. தோல் மடிப்பில் மணலோ சுள்ளியோ சிக்கினால் ஊற்றிய நீர் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அப்போது சாணத்தை நீரில் கரைத்து உள்ளே ஊற்றுவது இவ்வட்டாரத்திலும் பிற இடங்களிலும் பழகிய கைவைத்தியம்: இறங்கும் கரைசலில் உள்ள நார் இடுக்கில் போய்ப் படிந்து அடைத்துவிட, நிரம்பிய குழாய் நீரைத் தாங்கும், பம்பு ஓடத் தொடங்கியதும் அந்தச் சாணம் நீரோடு வயலுக்கே போய்ச் சேரும்.

ஃபுட் வால்வு பழுதற்றது எனத் தெரிந்த பின், ஆய்வு குழாயின் வழியே படிப்படியாக மேலேறியது. இரும்புக் குழாய்கள் இணையும் ஃபிளாஞ்சு என்னும் வட்டத் தட்டுகளின் நடுவே வைத்த ரப்பர் வாஷர், பெரும்பாலும் பழைய லாரி டியூபிலிருந்து வெட்டியது, வெயிலில் காய்ந்து வெடித்திருக்கலாம். மரையில் சுற்றிய சணலும் அதன் மேல் பூசிய வண்ணமும் உதிர்ந்திருக்கலாம். துருப்பிடித்த குழாயில் ஊசிமுனை அளவு துளை விழுந்திருக்கலாம். இவற்றுள் எது என்றறிய மெக்கானிக் கையாண்ட சோதனை மிக எளிமையானது. பம்பை ஓடவிட்டு, புகையும் ஊதுவத்தியை ஒவ்வோர் இணைப்பின் அருகிலும் மெல்லக் கொண்டுபோவார். நேராக எழும் புகை ஓரிடத்தில் வளைந்து இடுக்குக்குள் இழுக்கப்பட்டால் கசிவு அங்கேதான். காற்று வீசும் வேளையில் புகை உதவாது. அப்போது ஒவ்வோர் இணைப்பின் மேலும் செம்பால் நீரை ஊற்றிக்கொண்டே தொட்டியைப் பார்க்கவேண்டும். காற்றுக்குப் பதில் ஊற்றிய நீர் உள்ளே போவதால், எந்த இணைப்பில் ஊற்றும்போது வெளுத்த நீர் தெளிகிறதோ, பம்பின் ஓசை கனக்கிறதோ, அதுவே பழுதான இடம்.

அடுத்து நோக்கப்பட்டது கிளாண்டு. சுழலும் தண்டு பம்பின் கூட்டுக்குள் நுழையும் இடத்தில், மசகில் ஊறிய கயிற்றைச் சில சுற்றுகள் திணித்து இறுக்கியிருப்பர். ஓடும்போது அங்கே சொட்டுச் சொட்டாக நீர் வடிவதே நலம், ஏனெனில் அந்த நீர்தான் கயிற்றைக் குளிரவைத்துக் காற்றையும் தடுக்கிறது. சொட்டுவதைப் பழுதெனக் கருதி முற்றும் இறுக்கியவர் கயிற்றைக் கருக்கித் தண்டையும் தேய்த்துக்கொண்டனர். தளரவிட்டவர் அவ்வழியே காற்றை உள்ளே விட்டனர். குழாயை அமைத்த முறையிலேயே பிழை இருப்பதும் உண்டு: உறிஞ்சு குழாய் நீரிலிருந்து பம்பு வரை ஒரே சீராக மேலேறவேண்டும், நடுவில் சற்றே புடைத்து உயர்ந்து பின் தாழ்ந்தால், நீரில் கரைந்திருந்து பிரியும் காற்று அந்த மேட்டில் தேங்கி வழியை அடைத்துவிடும்.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் பம்பு காற்றை இழுத்தால், காரணம் கிணற்றிலேயே இருந்தது. நீர் குறைந்து ஃபுட் வால்வுக்குச் சற்று மேலே மட்டும் நிற்கும்போது, நீர்ப்பரப்பில் சுழி ஒன்று தோன்றி, அதன் நடுக்குழி வழியே காற்று வால்வுக்குள் இறங்கும். சுழியைக் குலைக்க மிதக்கும் பலகையைக் குழாயருகே விடுவதும், பம்பிலிருந்து நீர் வெளியேறும் வாயிலைக் கொஞ்சம் மூடி நீர்வரத்தைக் குறைப்பதும் தற்காலிகத் தீர்வுகளே. நிலையான தீர்வு கிணறு ஊறும்வரை காத்திருப்பதுதான். இன்று நகரத்து நீச்சல் குளங்களில் நீரைச் சுற்றிவிடும் வடிகட்டி பம்பிலும் ஏறத்தாழ இதே ஆய்வுதான் நடைபெறுகிறது. மூடியின் ரப்பர் வளையம், குழாய் இணைப்பு, தண்டின் அடைப்பு, குளத்தின் நீர்மட்டம் என்று. வேறுபாடு ஒன்றே: குளத்தில் நீர் குறைந்தால் நிரப்பிக்கொள்ளலாம், கிணற்றில் அது முடியாது.

கிணற்றுக்குள் இறங்கிய மோட்டார்

1973-74இல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் வடாற்காட்டில் 11 ஊர்களைத் தேர்ந்து பசுமைப் புரட்சியின் விளைவை ஆராய்ந்தனர். செய்யாற்றை அடுத்த ராந்தமும் அவற்றுள் ஒன்று. அவ்வாய்வு 1977இல் பி.எச். ஃபார்மரின் பதிப்பில் நூலாயிற்று. ராந்தத்தில் தங்கி ஆராய்ந்த ஜான் ஹாரிஸ் 1982இல் தனி நூல் எழுதினார். பார்பரா ஹாரிஸ்-ஒயிட் ஆரணியின் பொருளியலைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். உலக அறிஞர்களின் கவனத்தை இவ்வட்டாரம் ஈர்த்ததற்கு, புதிய நெல்லை விளைவித்தது பெரும் அணைக்கட்டாக இல்லாமல், தனித்தனி உழவரின் கிணறும் பம்ப்செட்டுமாக இருந்தது முக்கியக் காரணமாகும்.

ஆனால் இங்கே நிலத்தின் அடியில் இருப்பது நைஸ், சார்னோக்கைட் முதலிய கெட்டிப் பாறை; அதன் மேல் சிதைந்து நொறுங்கிய அடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். நூற்றுக்கணக்கான பம்ப்செட்டுகள் ஒரே அடுக்கிலிருந்து இறைத்தபோது மட்டம் தாழ்ந்தது. நீருக்கும் பம்புக்கும் இடையே இருபது அடிக்கு மேல் தொலைவு விழுந்ததும் குழாயில் காற்று ஆட்சி செலுத்தியது. கயிற்றை நீட்டிய பழைய முறை இங்கே பயன்படாது என்பதால், பம்பையே நீரை நோக்கி இறக்கினர். கிணற்றின் உட்சுவரில் மேடை வெட்டியோ, குறுக்கே இரும்பு விட்டங்களைப் பதித்தோ மோட்டாரை அமர்த்தினர். அடுத்த வறட்சியில் அதற்கும் கீழே இன்னொரு மேடை வெட்டினர். வடகிழக்குப் பருவமழையில் கிணறு திடீரென நிறைந்தால் மோட்டார் மூழ்காதிருக்க இரவோடிரவாகக் கயிறு கட்டித் தூக்கினர். மூழ்கிய மோட்டாருக்குக் காயில் கட்டுவது செய்யாறு, ஆரணி போன்ற நகரங்களில் தனித் தொழிலாகவே வளர்ந்தது. கிணற்றின் அடியிலிருந்து கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் துளையிட்டு ஊற்றுக்கண்ணைத் தேடியதும் இக்காலத்தில்தான்.

காற்றைத் துணையாக்கிய கம்ப்ரசர்

திறந்த கிணறு கைவிட்ட இடத்தில் ஆழ்துளைக் கிணறு வந்தது. நூறு, இருநூறு அடிக்குக் கீழே உள்ள நீரை மேட்டிலிருந்து உறிஞ்சுவது இயற்கை விதிப்படி இயலாது. எனவே கம்ப்ரசர் என்னும் காற்றழுத்தி பல இடங்களில் நிறுவப்பட்டது. மெல்லிய குழாய் வழியே அழுத்திய காற்றைத் துளையின் அடிக்கு அனுப்பினால், அங்கே நீரோடு கலந்த குமிழிகள் நீர்த்தம்பத்தை எடை குறைந்ததாக்கி மேலே எழச் செய்கின்றன. தலைமுறையாகக் குழாயிலிருந்து விரட்டப்பட்ட காற்றே நீரைச் சுமந்து வரும் துணையாயிற்று. இம்முறையில் மின்சாரம் பெருமளவு வீணாயினும், 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990ஐ ஒட்டி எல்லா விவசாயிகளுக்கும் பாசன மின்சாரம் இலவசமானதால் அச்செலவு உழவரின் கணக்கில் ஏறவில்லை.

அதன் பின் பரவிய நீர்மூழ்கி மோட்டார் காற்றின் சிக்கலை வேரோடு நீக்கியது. பம்பும் மோட்டாரும் நீருக்கடியிலேயே கிடப்பதால் உறிஞ்சு குழாய் இல்லை, ஃபுட் வால்வு இல்லை, பிரைமிங் இல்லை; நீரை இழுக்கவேண்டிய தேவை ஒழிந்து, தள்ளுவது மட்டுமே எஞ்சியது. மாநிலம் முழுதும் இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பாசன மின் இணைப்புகள் உள்ளன. கிணற்று மேட்டில் குடம் குடமாக நீர் ஊற்றிய உழைப்பையும், ஆழத்தில் வெட்டிய மேடையில் வழுக்கி விழுந்த ஆபத்தையும் நீர்மூழ்கி நீக்கியது பெரும் நன்மை. அக்காலம் திரும்பவேண்டும் என எவரும் விரும்பமாட்டார்.

எனினும் ஒன்று இழக்கப்பட்டது. உறிஞ்சு பம்பின் காலத்தில் நீர்மட்டம் எல்லை கடந்ததை உழவர் அன்றே அறிந்தார்: தொட்டியில் நீர் வெளுத்தது, ஓசை மாறியது, அடுத்த கிணற்றிலும் அவ்வாறே என்று ஊர் பேசியது. காற்றழுத்தம் வகுத்த இருபது அடி, எந்தச் சட்டமும் விதிக்காத கட்டுப்பாடாக இருந்து, மேலும் இறைக்க வேண்டுமானால் முதலில் கிணற்றை வெட்டு என்று செலவையும் யோசனையையும் கோரியது. நீர்மூழ்கியோ நீர் முழுவதும் வற்றும்வரை தள்ளிக்கொண்டே இருந்துவிட்டு, ஒருநாள் முன்னறிவிப்பின்றி நின்றுவிடுகிறது. 2003இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டமும் 2013இல் நீக்கப்பட்டது. இயற்கையின் எல்லை போன இடத்தில் மனிதர் வகுத்த எல்லையும் நிலைபெறவில்லை.

எனவே, ஊதுவத்திப் புகையால் கசிவைக் கண்ட மெக்கானிக்கின் அறிவையும், நீரின் நிறத்தைக் கொண்டு கிணற்றின் நிலையைச் சொன்ன உழவரின் அறிவையும் பதிவு செய்வது, மறைந்த தொழிலொன்றுக்குச் செலுத்தும் மரியாதையோடு முடிந்துவிடக்கூடாது. பம்பு சொன்ன செய்தியை இனி ஊரே அளந்து அறியவேண்டும்: ஒவ்வோர் ஊரிலும் பயன்படாது கிடக்கும் திறந்த கிணறு ஒன்றைத் தூர்வாரி, சுவரில் அடிக்குறியிட்டு, நவரைக்கு முன்னும் சொர்ணவாரிக்கு முன்னும் மட்டத்தைக் குறித்து, எத்தனை ஏக்கர் நடுவது என்று முடிவெடுக்கும் வழக்கம் ஏற்பட்டால், ஊற்றுக்காலைக் கூடித் தூர்வாரிய மரபு செய்யாற்றுப் படுகையில் புதிய வடிவில் தொடரும். அதற்குச் செலவு சிறிது. தேவைப்படுவது, நிலத்தடி நீர் தனியொருவரின் துளைக்குள் இருந்தாலும் ஊருக்குப் பொதுவானது என்ற ஒப்புதல் மட்டுமே.